கொழும்பில் யாகிசோபா: நூடில்ஸ் குழையாமலும் கோவா தண்ணீர் விடாமலும் சமைப்பது எவ்வாறு?

கேள்வி: வெள்ளவத்தை மல்லிகை

அனைவருக்கும் வணக்கம்.

சோஸ் சேர்த்துப் புரட்டிய நூடில்ஸான ஜப்பானியரின் யாகிசோபாவை வீட்டில் செய்வது பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தவை யாவும் ஜப்பானிலோ கனடாவிலோ வாழ்பவர்களுக்கான குறிப்புகளாகவே இருந்தன. வேகவைத்த நூடில்ஸும் அதற்குரிய சோஸ் தூளும் ஒரே பக்கெட்டில் கடையின் குளிர்பெட்டியில் இருக்கும், அதை எடுத்து வாருங்கள் என்று தொடங்கும் குறிப்பை வைத்துக்கொண்டு காலி வீதியில் குடியிருப்பவள் என்ன செய்வது?

சுப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் காய்ந்த முட்டை நூடில்ஸை அவித்து, கோவா, கரட், கோழி இறைச்சி ஆகியவற்றுடன் சேர்த்து வதக்கி, வூஸ்டர் சோஸும் சோயா சோஸும் ஊற்றுகிறேன். முதல் இரண்டு நிமிடங்கள் எல்லாம் ஒழுங்காகப் போவது போலத் தோன்றுகிறது. பிறகு கோவா தண்ணீர் விடத் தொடங்க, நூடில்ஸ் அந்தத் தண்ணீரை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிளறக் கிளற உடைந்துபோகிறது. சுவையிலும் புளிப்பும் உப்பும் முன்னுக்கு நிற்கின்றனவே தவிர, அந்தச் சோஸுக்கே உரிய பழ இனிப்பு வருவதில்லை. ஜப்பானிய உணவகத்தில் அதைச் சாப்பிட்டிருக்கும் என் மகன், "இது சைனீஸ் கடை நூடில்ஸ், அம்மா" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதில்லை. மாமி செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்பவர். அந்த நாட்களில் முட்டையும் சேர்க்க மாட்டார். 2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வாங்கிய இன்டக்சன் அடுப்பையே இன்னமும் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். எரிவாயு அடுப்பும் இருக்கிறது. எந்த நூடில்ஸை வாங்கலாம், சோஸை எப்படித் தயாரிக்கலாம், சட்டியில் எதை முதலில் போட வேண்டும் என்பவற்றைச் செய்து பார்த்தவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நாகோயாவில் இருந்தவன்

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தம் சில ஆண்டுகள் நாகோயாவில் வசித்துவிட்டு இப்போது கொழும்பு 13இல் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் சிக்கலில் பெரும்பங்கு நூடில்ஸிலேயே இருப்பதால், அதைப் பற்றி மட்டும் சற்று நீளமாக எழுதுகிறேன். சோஸைப் பற்றி எழுத இங்கு என்னிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

யாகிசோபாவுக்குப் பயன்படுவது கோதுமை மா நூடில்ஸ். மாவைப் பிசையும்போது கன்சுயி எனப்படும் காரநீரைச் சேர்ப்பார்கள். சோடியம் காபனேற்று, பொற்றாசியம் காபனேற்று போன்ற உப்புகள் கரைந்த நீர் அது. மாவிலுள்ள புரத வலையை இறுக்கி, கடிக்கும்போது எதிர்த்து நிற்கும் தன்மையை நூடில்ஸுக்குத் தருவதும், மாவில் இயல்பாகவே இருக்கும் நிறப்பொருளை மஞ்சளாக்குவதும் இந்தக் காரந்தான். அதன் பிறகு, வெட்டிய நூடில்ஸை நேரே கொதிநீரில் போடாமல், இடியப்பத்தைப் போல ஆவியில் வேகவைத்து, எண்ணெய் பூசிப் பொதி செய்கிறார்கள். ஷிசுஒக்கா மாகாணத்திலுள்ள புஜினோமியா நகரத்து யாகிசோபா உள்ளூர் உணவுகளுக்கான பி-1 கிராண்ட் பிரி போட்டியில் 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளும் முதலிடம் பெற்றது. அங்குள்ள நூடில்ஸ் ஆவியில் வெந்ததும் தண்ணீரில் நனைக்கப்படாமல் விரைவாகக் குளிரவைக்கப்படுவதால் ஈரப்பதன் குறைந்து, மற்ற ஊர்களினதைவிட உறுதியாக இருக்கிறது. அந்த நூடில்ஸ் வாணலிக்கு வரும்போது வயிறு காய்ந்த நிலையில் வருகிறது. நீங்கள் அவித்து வடித்து உடனே போடும் நூடில்ஸோ தண்ணீரை ஏற்கெனவே வயிறுமுட்டக் குடித்துவிட்டு வருகிறது. அதற்கு மேல் கோவாவின் தண்ணீரும் சேர்ந்தால் குழையாமல் வேறென்ன செய்யும்?

ஆகவே கொழும்பில் வாங்கும்போது பக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் 500 அல்லது 501 என்ற எண்கள் இருந்தால் அது கார உப்புச் சேர்த்த நூடில்ஸ். முதலாவது சோடியம் காபனேற்று வகை, இரண்டாவது பொற்றாசியம் காபனேற்று வகை. மஞ்சள் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். 102 என்ற எண் இருந்தால் அது வெறும் சாயம். நிறத்தைத் தருமே தவிர உறுதியைத் தராது. இன்னொரு எச்சரிக்கை: வெறுமனே சோபா என்று எழுதப்பட்ட, சாம்பல் கலந்த பழுப்பு நிறக் காய்ந்த நூடில்ஸ் பக்வீற் என்ற வேறொரு தானிய வகையின் மாவினால் ஆனது. விலையும் அதிகம், வாணலியில் புரட்டினால் நொறுங்கியும் போகும்.

வாங்கிய நூடில்ஸை, பக்கெட்டில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே அடுப்பிலிருந்து இறக்கி வடித்து, மேலே படிந்திருக்கும் மாப்பசை போகும்வரை குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். நன்றாக உதறிய பின் ஒரு பெரிய தட்டிலோ சுளகிலோ மெல்லிய படையாகப் பரப்பி, ஒரு தேக்கரண்டி எண்ணெயை விரல்களால் பூசி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் விடுங்கள். நேரம் இருந்தால் மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு மணி நேரம் வைப்பது இன்னும் நல்லது. கொழும்பின் ஈரக்காற்றில் எதுவும் எளிதில் காயாது என்பதால் நான் குளிர்சாதனப் பெட்டியையே விரும்புகிறேன். வெளிப்புறம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும்.

கார உப்புச் சேர்ந்த நூடில்ஸ் கிடைக்காவிட்டால், மிக மெல்லிய ஸ்பகற்றியை வாங்கி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்து அவிக்கலாம். நுரை பொங்கி வழியும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். அவித்த பின் நன்றாக அலசாவிட்டால் சவர்க்காரக் கசப்பு நாக்கில் தங்கிவிடும். இதே சோடாவைத் தட்டில் பரப்பி 120 பாகை சூட்டில் ஒரு மணி நேரம் அவணில் வைத்தால், காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியேறி அது சோடியம் காபனேற்றாக மாறிவிடும். வீட்டிலேயே நூடில்ஸ் பிசைய நினைப்பவர்கள் 100 கிராம் கோதுமை மாவுக்கு அதில் 1 கிராம் சேர்க்கலாம். அந்தத் தூள் சாதாரண அப்பச்சோடாவைவிடக் கடுமையானது, ஈரக்கையால் தொடாதீர்கள்.

அவசரத்துக்கு உடனடி நூடில்ஸ் கட்டியும் கைகொடுக்கும். நிசின் நிறுவனம் ஜப்பானில் 1963ஆம் ஆண்டிலேயே பக்கெட்டில் அடைத்த உடனடி யாகிசோபாவை விற்கத் தொடங்கிவிட்டது. வாணலியில் சிறிதளவு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கட்டியை அதில் வைத்துப் பிரித்து, தண்ணீர் முழுவதும் வற்றிய பின் சோஸ் தூளைத் தூவுவது அதன் முறை. நம் கடைகளில் உள்ள உடனடி நூடில்ஸையும், மசாலாப் பொட்டலத்தைத் தவிர்த்துவிட்டு, அவ்வாறே செய்யலாம்.

மறுமொழி: பம்பலப்பிட்டி ஆச்சி

மல்லிகைப் பிள்ளைக்கு, நூடில்ஸைப் பற்றித் தம்பி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. சோஸைப் பற்றி எழுதுகிறேன். மாமியின் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாம் வாங்கும் ஆங்கிலேய வூஸ்டர் சோஸ் வினாகிரியில் நெத்தலி வகை மீன், புளி, கரும்புப்பாகு, வெங்காயம், உள்ளி முதலியவற்றை ஊறவைத்துச் செய்யப்படுவது. ஆகவே போத்தலின் பின்புறத்தை வாசிக்காமல் மரக்கறி நாளில் அதைத் திறக்கக் கூடாது. சிப்பிச் சோஸும் அப்படியே. ஜப்பானியர் மெய்ஜி காலத்தில் (1868–1912) அந்த ஆங்கிலேயச் சோஸைக் கண்டு, தக்காளி, வெங்காயம், கரட், அப்பிள் போன்றவற்றைக் கொண்டு தங்கள் நாவுக்கு ஏற்ப இனிப்பாக மாற்றிக்கொண்டார்கள். இன்று அங்கே அது நீர்த்தது, நடுத்தரமானது, கெட்டியானது என்று பிசுபிசுப்பின் அடிப்படையில் தரம் பிரித்து விற்கப்படுகிறது. ஹிரோஷிமாவிலுள்ள ஒத்தாபுகு நிறுவனம் ஒகொனோமியாகி என்ற அடைக்கான தன் சோஸில் பேரீச்சம்பழமும் சேர்க்கிறது. நீங்கள் தேடும் பழ இனிப்பு இப்படிப்பட்ட சேர்க்கைகளிலிருந்து வருவது. வெறும் சீனியைக் கொட்டினால் அது வராது.

மரக்கறி அல்லாத நாளில் இருவருக்கு, மூன்று மேசைக்கரண்டி வூஸ்டர் சோஸ், ஒன்றரை மேசைக்கரண்டி தக்காளிச் சோஸ், ஒரு மேசைக்கரண்டி சிப்பிச் சோஸ், ஒரு தேக்கரண்டி சோயா சோஸ், இரண்டு தேக்கரண்டி கித்துள் பாணி ஆகியவற்றைச் சிறிய பாத்திரத்தில் இட்டு, பாதியளவு கெட்டியாகும்வரை மெல்லிய நெருப்பில் வற்றவிடுங்கள். வற்றவைப்பதைத் தவிர்க்க வேண்டாம். நீர்த்த சோஸை அப்படியே ஊற்றுவதும் உங்கள் நூடில்ஸ் குழைவதற்கு ஒரு காரணம். உள்ளூர்ச் சோயா சோஸ்களில் சில மிகவும் உப்பானவை என்பதால் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்த பின்பே அளவைத் தீர்மானியுங்கள்.

மரக்கறி நாளுக்கு, நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டு, பெரிய வெங்காயம் பாதி, விதை நீக்கிய பேரீச்சம்பழம் ஐந்து, கரட் ஒரு சிறு துண்டு, கிடைத்தால் அப்பிள் கால்வாசி ஆகியவற்றை வெட்டி, அரைக் கோப்பைத் தண்ணீரில் மசியும்வரை அவிக்கவும். அதனுடன் கெட்டியாகக் கரைத்த பழப்புளி ஒரு மேசைக்கரண்டி, வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, சோயா சோஸ் நான்கு மேசைக்கரண்டி, கித்துள் பாணி இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கராம்பு இரண்டு, கறுவா ஒரு சிறு துண்டு ஆகியவற்றைச் சேர்த்து இருபது நிமிடங்கள் மெல்லிய நெருப்பில் கொதிக்கவிட்டு, கராம்பையும் கறுவாவையும் எடுத்து எறிந்துவிட்டு, அரைத்து வடிகட்டினால் ஒரு சிறு போத்தல் நிறையச் சோஸ் கிடைக்கும். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்குப் பயன்படுத்தலாம். கறுவா கொஞ்சம் கூடினாலும் பாயசத்தின் நினைவு வந்துவிடும், கைதவறிப் போட்டுவிடாதீர்கள்.

150 கிராம் வெந்த நூடில்ஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோஸ் போதும். மிளகாய்ச் சோஸைச் சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். சேர்த்தால் அது நம்மூர் டெவல் ஆகிவிடும். அதுவும் நல்ல உணவுதான், ஆனால் உங்கள் மகன் கேட்பது அதையல்ல.

கோழிக்குப் பதிலாக அன்றைக்குச் சிப்பிக் காளானைக் கையால் கிழித்துப் போடுங்கள். காளானைத் தனியாக, எண்ணெய் குறைவாக, அதன் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்கி எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் சேர்க்க வேண்டும்.

மறுமொழி: மருதானைக் கொத்துப் பிரியன்

நாகோயா அண்ணன் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. உடனடி நூடில்ஸ் கட்டியைத் தண்ணீரில் வற்றவைத்து எடுப்பது பசிக்கு உதவும். இரும்பில் சூடுபட்டுச் சிவந்த மணம் அதில் வராது. ஜப்பானில் 1975இல் வந்த பெயாங், 1976இல் வந்த யு.எஃப்.ஓ. போன்ற கோப்பை யாகிசோபாக்கள் வெந்நீர் ஊற்றி வடித்துவிட்டுச் சோஸ் கலப்பவை. சாப்பிடுபவரின் வீட்டு வாணலியை அவை காண்பதே இல்லை. மல்லிகை அக்காவின் மகன் கேட்பது தட்டில் வெந்ததை.

கொத்துக்கடைத் தட்டை நினைத்துப் பாருங்கள். அகலமான, கனத்த இரும்பு. ஈரம் விழுந்த கணமே ஆவியாகப் பறக்கும் சூடு. ஜப்பானியரின் தெப்பானும் அத்தகைய தட்டுத்தான். நம் வீட்டு அடுப்பில் அந்தச் சூடு இல்லை என்பதால், ஒரே நேரத்தில் சட்டியில் போடும் அளவைக் குறைப்பதே ஒரே வழி. ஐந்து பேருக்கான நூடில்ஸை ஒரு தாச்சியில் கொட்டினால் யார் சமைத்தாலும் அது அவியலாகத்தான் வரும். ஒரு தடவைக்கு இருவருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் என்றால் இன்னும் சிறப்பு.

இன்டக்சன் அடுப்பில் அடி உருண்ட தாச்சி சூடேறாது. காந்தம் ஒட்டும் கனத்த இரும்புத் தோசைக்கல் உங்களிடம் இருந்தால், அதுவும் அடி தட்டையாக இருந்தால், அதைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறில்லை. மூன்று நான்கு நிமிடங்கள் நடுத்தரச் சூட்டில் வைத்து, பிறகு சூட்டைக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழுச் சூட்டில் வைத்தால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை வெறுமையாக இவ்வளவு சூடாக்கக் கூடாது.

கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, உலரவைத்த நூடில்ஸை அடை போலப் பரப்பி, இரண்டு நிமிடங்கள் தொடாமல் விடுங்கள். கைகள் துடிக்கும், தொடக் கூடாது. அடிப்புறம் ஆங்காங்கே பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம் விட்டு, தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். கார உப்புச் சேர்ந்த நூடில்ஸ் மற்றவற்றைவிட விரைவாகச் சிவக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அதே கல்லில் இப்போது கோழி. ஜப்பானியர் பன்றியின் வயிற்றுப் பகுதியைப் போடுவது, அதிலிருந்து உருகும் கொழுப்பில் மற்றவை வேக வேண்டும் என்பதற்காக. நீங்கள் நெஞ்சுப் பகுதியைத் தவிர்த்து, தோலுடன் கூடிய தொடைப் பகுதியை மெல்லிதாக வெட்டி, தோல் கீழே இருக்கும்படி வைத்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். கணவாயோ இறாலோ போடலாம். அவை வெந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும்.

இனிக் கோவா. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சிறிதாக வெட்டினால் வெட்டுமுகம் கூடித் தண்ணீர் கூடுதலாக வெளியேறும். உப்புப் போட்டால் இன்னும் மோசம். ஆகையால் இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, கழுவிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தண்டுப் பகுதியையும் கரட்டையும் முதலில் போட்டு அரை நிமிடம் கழித்து இலைப் பகுதியையும் பயறு முளையையும் போடுங்கள். உப்பு வேண்டவே வேண்டாம். சோஸில் இருப்பதே போதும். கோவா பாதி வெந்து, கடித்தால் ஓசை கேட்கும் நிலையில் இருக்கும்போதே அதை ஓரத்துக்கு ஒதுக்கி, நூடில்ஸை நடுவில் போட்டு, சோஸை நூடில்ஸின் மீது மட்டும் ஊற்றி, சிறிதளவு கல்லிலும் படவிடுங்கள். அதிலுள்ள இனிப்புச் சூட்டில் கருகத் தொடங்கும் நேரத்தில் எழும் மணமே யாகிசோபாக் கடையின் மணம். அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் கலந்து இறக்கிவிடுங்கள். கொத்துவது போல வெட்டாமல், இடுக்கியாலோ இரண்டு தட்டகப்பைகளாலோ கீழிருந்து தூக்கித் தூக்கிப் போட்டால் நூடில்ஸ் உடையாது.

மேலதிகக் கேள்வி: வெள்ளவத்தை மல்லிகை

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆச்சியின் மரக்கறிச் சோஸை நேற்றுச் செய்து போத்தலில் அடைத்துவிட்டேன். மாமி அதை இடியப்பத்துக்குத் தொட்டுக்கொண்டு பாதியை முடித்துவிட்டார். நூடில்ஸை உலரவைத்து முதலில் தனியாகச் சிவக்கவைத்ததும் பெரிய மாற்றம் தெரிந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மேலே தூவும் பச்சை நிறக் கடற்பாசித் தூளுக்கும், சிவப்பு இஞ்சிக்கும், அசைந்தாடும் அந்த மீன் சீவலுக்கும் மாற்றாக இங்கு எதைப் பயன்படுத்தலாம்? மீன் சீவலுக்கு நம் மாசி பொருந்துமா? மற்றையது, மகன் இதைப் பணிஸுக்குள் வைத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோக விரும்புகிறான். அப்படி ஒரு வழக்கம் ஜப்பானில் உண்மையாகவே இருக்கிறதா, அல்லது எனக்கு வேலை வைப்பதற்காகச் சொல்கிறானா?

மறுமொழி: புறக்கோட்டைக் கடைக்காரர் மகள்

மாசி பொருந்தும் அக்கா. நீங்கள் சொல்லும் சீவலைத் தரும் ஜப்பானியரின் கட்சுஒபுஷியும் மாலைதீவு மாசியும் சூரை என்ற அதே மீனிலிருந்து செய்யப்படுபவை. இரண்டிலும் மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்துகிறார்கள். ஜப்பானியர் பலமுறை புகையூட்டுவதோடு, உயர்ந்த வகைகளில் ஒருவிதப் பூஞ்சணத்தையும் வளரவிட்டுக் காயவைப்பார்கள். அதன் மணம் நுட்பமானது. நம் மாசியில் உப்பு அதிகம், மணமும் சற்று முரட்டுத்தனமானது. அத்துடன் தாளைப் போலச் சீவுவதும் கடினம். ஆகவே சீவல் அசைந்தாடும் காட்சியை மறந்துவிடுங்கள். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கினால் தூளாக்கியதை வாங்காமல், முழுத்துண்டாக, உடைத்தால் உட்புறம் செம்பழுப்பாகத் தெரிவதாகப் பார்த்து வாங்குங்கள். வெறுஞ்சட்டியில் இலேசாகச் சூடாக்கி இடித்து, அரித்து, ஒருவருக்கு அரைத் தேக்கரண்டி மட்டும் தூவுங்கள்.

முன்னர் குறிப்பிடப்பட்ட புஜினோமியா நகரத்து முறையில் சீவல் போடுவதில்லை. மத்தி போன்ற மீன்களை உலர்த்தி அரைத்த தூளையே தூவுகிறார்கள். அந்த வகையில் பார்த்தால், தலையும் குடலும் நீக்கிய நெத்தலிக் கருவாட்டை வறுத்து அரைத்த தூள் மாசியைவிடவும் நெருக்கமாக வரும். உப்பைக் குறைக்க, கருவாட்டை ஒருமுறை கழுவி வெயிலில் காயவைத்து எடுங்கள்.

சிவப்பு இஞ்சியை ஜப்பானியர் உமே என்ற காயை உப்பில் ஊறப்போடும்போது கிடைக்கும் புளிநீரில் ஊறவைக்கிறார்கள். நாம் இளம் இஞ்சியைத் தீக்குச்சி அளவுக்கு வெட்டி, உப்புப் பிசறிப் பதினைந்து நிமிடங்கள் விட்டுப் பிழிந்து, வினாகிரியில் ஒரு துண்டு பீற்றூட்டுடன் ஓரிரவு வைத்தால் நிறமும் உறைப்பும் வந்துவிடும். பச்சைத் தூளுக்கு, சுஷி சுற்றும் நோரித் தாளைச் சூடான கல்லில் காட்டிக் கையால் நொறுக்கிக்கொள்ளலாம். வேறு வகைக் கடற்பாசிதான், ஆயினும் மணம் உறவானது. கொத்தமல்லி இலையைத் தூவுமாறு சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம்.

மறுமொழி: நாகோயாவில் இருந்தவன்

மாசியைப் பற்றித் தங்கச்சி எழுதியதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையுடன்: அதை அடுப்பில் இருக்கும்போது சேர்க்காமல், தட்டில் பரிமாறிய பின் தூவுங்கள். எண்ணெயில் பட்டு வறுபட்டால் சம்பலின் வாசனை எழுந்து, சோஸின் வாசனையை மூடிவிடும். கொத்துப் பிரியன் தம்பி கட்டி நூடில்ஸைப் பற்றிச் சொன்னது நியாயந்தான். ஆனால் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவர் சுளகும் மின்விசிறியுமாக நிற்க முடியாது என்பதால், என் பரிந்துரையை முற்றாகக் கைவிட மாட்டேன்.

அவித்த நூடில்ஸே கையில் இருக்கும் நாளில் இன்னொரு வழியும் உண்டு. அக்கித்தா மாகாணத்தின் யோகோதே நகரில் நேரான, அவித்த நூடில்ஸையே பயன்படுத்துகிறார்கள். அங்கே சோஸ் சற்று நீர்த்ததாகவும் இனிப்பாகவும் இருக்கும். மேலே மஞ்சட்கரு இளகிய நிலையில் ஒரு பொரித்த முட்டையும், ஓரத்தில் புகுஜின்சுகே என்ற இனிப்பு ஊறுகாயும் வைப்பார்கள். மஞ்சட்கருவை உடைத்துக் கலந்து உண்ணும்போது நூடில்ஸ் மென்மையாக இருப்பது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

உங்கள் மகன் சொல்வது உண்மை. பணிஸுக்குள் யாகிசோபா வைத்த யாகிசோபா-பான் ஜப்பானில் பாடசாலை மாணவர்களுக்கு மிகவும் பழக்கமான உணவு. பேக்கரிகளிலும் சிறு கடைகளிலும் நாள்தோறும் விற்கப்படுகிறது. நீளமான, இனிப்புக் குறைந்த பணிஸை மேற்புறமாகக் கீறி, உட்புறம் முழுவதும் பட்டர் பூசுங்கள். சோஸ் பாணில் ஊறுவதை அது தடுக்கும். அதற்கான நூடில்ஸில் கோவாவைப் பாதியாகக் குறைத்து, பயறு முளையை முற்றாகத் தவிர்த்து, சோஸை வழக்கத்தைவிட நன்றாக வற்றவிடுங்கள். நூடில்ஸை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிவிட்டால் கடிக்கும்போது முழுவதும் இழுபட்டு வெளியே வராது. மூடுவதற்கு முன் நூடில்ஸ் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். நம் வெக்கையில் இடைவேளை வரை கெடாமல் இருப்பதற்கு, கோழி சேர்க்காமல் ஆச்சியின் காளான் முறையில் செய்து அனுப்புங்கள். மயோனைஸ் கேட்டால் வீட்டுக்கு வந்த பின் தருவதாகச் சொல்லிவிடுங்கள்.